இருநூற்றுப் பதினான்காவது சோதனை

"என் வீட்டில் ஓடுதும்மா. ஜம்முனு ஓடுது."

"என் அறையில ஓடலையே, சார்."

"அப்ப உன் அறையில்தான் ஏதோ கோளாறு."

"இருக்கலாம் சார். ஆனா அது காலி அறை. கோளாறு வைக்கக்கூட அங்க ஒண்ணும் கிடையாது."

முறையிட்டவர் தில்லைநாயகம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் முப்பத்து நாலு வருடம் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று.

பதில் சொன்னவள் பியூலா. வயது முப்பத்து மூன்று. தூத்துக்குடி புறவழிச்சாலையில் ஒரு லாரி எடை மேடையில் வேலை.

இந்தக் கதையில் அவள் குரு, அவர் சீடர். தலைகீழாக இருக்கிறதே என்றால் இருக்கட்டும். நடந்தது அப்படி, நான் என்ன செய்ய?

*

விவரம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று விட்டுவைத்த மென்பொருள்கள் உண்டு. அவற்றைப் பொதி பொதியாகக் கட்டி உலகத்துக்கு வழங்கும் கூட்டம் ஒன்றும் உண்டு. அதில் பாதிப் பேர் மற்ற பாதிப் பேரைப் பார்த்ததே இல்லை. சம்பளமும் கிடையாது.

புதிதாக ஒருவர் பொதி கட்டினால், உரிமை உள்ள ஒருவர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் உள்ளே போகும். பியூலாவுக்கு அந்த உரிமை இருந்தது. லாரிக்கும் லாரிக்கும் நடுவே நாற்பது பொதிகளைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

தில்லைநாயகம் கட்டிய பொதிக்குள் இருந்தது ஆந்தை என்று ஒரு நிரல். எழுதியவர்கள் வைத்த பெயர் அது. ஒரு தேற்றத்தைக் கொடுத்தால் தானாகவே நிரூபித்துப் பார்க்கும். நிரூபிக்க முடிந்தால் 'ஆம்' என்று சொல்லும். தவறு என்று கண்டால் 'இல்லை' என்று சொல்லும். இரண்டும் முடியாவிட்டால் 'தெரியவில்லை' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கும். மனிதர்களிடம் அபூர்வமாகக் கிடைக்கும் குணம்.

அவரிடம் ஒரு தேற்றம் இருந்தது. பதினோரு வருட உழைப்பு. அது என்ன சொல்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். நாலே வரிதான். அதைப் படித்துச் சந்தோஷப்படக்கூடியவர்கள் உலகத்தில் முப்பது பேர் இருந்தால் அதிகம். ஆனால் அந்த முப்பது பேரும் இருபது வருடமாக அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நிரூபணம் மிக நீளம். ஆந்தை நிரூபித்தது. மனிதக் கண்ணால் படித்து முடிக்க முடியாது.

கணிதப் பத்திரிகை ஒரு நிபந்தனை போட்டது. "உங்கள் கணினியில் 'ஆம்' என்று வந்தது என்பது போதாது. எந்த ஊரில் யார் வேண்டுமானாலும் ஆந்தையை எளிதாக எடுத்து, அவர்களே சரிபார்க்க முடிந்தால், வெளியிடுகிறோம்."

அதனால்தான் பொதி. அடுத்த வெளியீட்டுக்கான பட்டியல் பதினைந்தாம் தேதி மூடப்படும். மூடினால் இரண்டு வருடம் புதிதாக எதையும் சேர்க்க மாட்டார்கள்.

அறுபத்தொரு வயதுக்காரருக்கு இரண்டு வருடம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அவருடைய அண்ணன் அறுபத்திரண்டில் போனவர்.

*

முதலில் மின்னஞ்சலில்தான் பேசிக்கொண்டார்கள்.

அவர் இரண்டு பக்கம் எழுதினார். கல்லூரி, பட்டம், தேற்றம், பத்திரிகை எல்லாம் இருந்தது.

அவள் ஒரு வரி எழுதினாள். "காலி அறையில் கட்டிப் பாருங்கள்."

அவர் மூன்று பக்கம் எழுதினார்.

"காலி அறையில் கட்டிப் பாருங்கள்."

அவர் கோபமாக ஒரு பக்கம் எழுதினார். மூன்றாம் தடவையும் அதே வரிதான் வந்தது. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

'சரிதான், எந்திரத்தோடா பேசிக்கொண்டிருக்கிறேன்' என்று மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு தூத்துக்குடி பஸ் ஏறிவிட்டார். மேலே நீங்கள் படித்த முறையீடு, அவர் எடை மேடைக்கு வந்து நாற்காலியில் உட்காருமுன் நடந்தது.

*

காலி அறை என்பது கணினிக்குள்ளேயே உண்டாக்கும் ஒரு வெறும் இடம். அங்கே எதுவுமே இருக்காது. இந்தப் பொதிக்கு இன்னின்னது வேண்டும் என்று எழுதிக்கொடுத்தால், அது மட்டும் உள்ளே வரும். எழுதாதது வராது.

பியூலா அவர் கண்முன்னே கட்டினாள்.

ஆந்தையோடு வந்த சோதனைகள் இருநூற்றுப் பதின்மூன்று. கடைசியாகத் தன் தேற்றத்தையும் ஒரு சோதனையாக அவரே சேர்த்திருந்தார். 'ஆம்' என்று வரவேண்டும் என்று எழுதியும் வைத்திருந்தார். கொஞ்சம் பெருமைதான். யாருக்கு இருக்காது?

இருநூற்றுப் பதின்மூன்றும் தேறின.

இருநூற்றுப் பதினான்கு: தெரியவில்லை.

"நேரம் போதலைம்மா. கொஞ்சம் கூட்டிக் கொடு."

"எவ்வளவு சார்?"

"ஒரு மணி நேரம்."

"சாயங்காலம் வரைக்கும் கொடுப்போம்."

உப்பு லாரிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் மேடையில் ஏறி நின்றதும் பியூலா மைக்கில் சொன்னாள். "அண்ணாச்சி, இறங்குங்க."

ஓட்டுநர் இறங்கித் தள்ளி நிற்பார். சிவப்பு எண் கொஞ்சம் ஆடி நிற்கும். சீட்டு வரும். அடுத்த லாரி.

"அண்ணாச்சி, இறங்குங்க."

பதினேழாவது தடவை தில்லைநாயகத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, ஒவ்வொருத்தரையும் இறக்கி ஏத்தணுமா? ஒரு ஆள் எடை என்ன பெரிய எடை?"

"அறுபது கிலோ சார். சில பேர் எண்பது."

"இருபது டன்னில் அறுபது கிலோ!"

"ஆமா சார்."

அவ்வளவுதான். அவள் விளக்கவில்லை. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை.

சாயங்காலம் ஆந்தை மறுபடி சொன்னது. தெரியவில்லை.

*

ஒரு வாரம் கழித்து வந்தார். கையில் ஒரு பட்டியல்.

ஏதோ ஒன்று காலி அறையில் இல்லாததால்தானே வரவில்லை? தன் கணினியில் இருப்பதை எல்லாம் ஒவ்வொன்றாக எழுதிவிட்டால் தீர்ந்தது. நாற்பத்தொன்று எழுதியிருந்தார். ஊருக்குப் போகும் மாமியார் மாதிரி மூட்டை கட்டியிருந்தார்.

பியூலா பால்பாயின்ட் பேனாவை எடுத்தாள்.

"இது படம் பார்க்கிற மென்பொருள் சார்."

"என் கணினியில் இருக்கு."

அடித்தாள்.

"இது பஞ்சாங்கம்."

"அதுவும் இருக்கு."

அடித்தாள். அடித்துக்கொண்டே வந்தாள். மூன்று மிஞ்சியது. அந்த மூன்றும் முதலிலேயே இருந்தவை.

தில்லைநாயகத்துக்கு முகம் சிவந்தது.

"நீ கணிதம் எதுவரைக்கும் படிச்சிருக்கே?"

"பி.எஸ்ஸி. ரெண்டாம் வருஷம் சார். அப்பா தவறிட்டாங்க. முடிக்கலை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

அவளுக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. "உங்க கணினியைத் திறங்க சார்" என்றாள்.

திறந்தார்.

"அதுல நீங்க மட்டும்தானே இருக்கிய? இன்னொரு ஆளைச் சேருங்க. புதுசா ஒரு கணக்கு."

"யாரை?"

"யாராவது."

அவர் 'யாரோ' என்றே பெயர் கொடுத்தார். யாரோவுக்கு ஒரு கடவுச்சொல். யாரோவாக உள்ளே போனார்.

"இப்ப ஆந்தைகிட்ட உங்க தேற்றத்தைக் கேளுங்க."

கணினி அதே கணினி. ஆந்தையும் தேற்றமும் அவையேதான். இரண்டு நிமிடம் காத்திருந்தார்கள்.

தெரியவில்லை.

"மாறி உங்க பேர்ல போங்க."

போனார். கேட்டார். நாற்பது விநாடி.

ஆம்.

மறுபடி யாரோ. தெரியவில்லை. மறுபடி தில்லைநாயகம். ஆம்.

வெளியே ஒரு லாரி ஏறி நின்றது. பியூலா மைக்கை எடுத்தாள்.

"அண்ணாச்சி, இறங்குங்க."

தில்லைநாயகம் தன் கோப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கினார்.

*

தேடிக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவருடைய கோப்புகளுக்கு நடுவே ஒரு மறைவுக் கோப்பு. சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாது. ஆந்தை ஒவ்வொரு தடவை எழும்போதும் அதைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். அதில் என்ன எழுதியிருந்தாலும் உண்மை என்று ஏற்றுக்கொள்ளும்.

ஒரே ஒரு வரி இருந்தது. ஒரு துணைத்தேற்றம். பக்கத்தில் அவர் கைப்பட எழுதிய குறிப்பு.

'இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். அப்புறம் நிரூபிக்கலாம்.'

தேதி பதினோரு வருடத்துக்கு முந்தியது.

அந்தக் காலை அவருக்கு ஞாபகம் வந்தது. விடைத்தாள் திருத்தும் முகாமுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஆட்டோ வாசலில் நின்றது. அந்த ஒரு வரி மட்டும் நிரூபணத்துக்கு மடியவில்லை. சரி, வந்து பார்ப்போம் என்று எழுதிவைத்துவிட்டு ஓடினார். முகாம் பன்னிரண்டு நாள். திரும்பி வந்தபோது வேறு இடத்தில் வேலை நின்றுகொண்டிருந்தது. இது மறந்தே போனது.

"அடப்பாவி" என்றார். தன்னைத்தான்.

பியூலா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

"அந்த வரியை நிரூபிக்க முடியுமா சார்?"

"முடியும்னுதான் பதினோரு வருஷமா நினைச்சுட்டு இருந்திருக்கேன். நினைச்சுட்டு இருக்கேன்னு தெரியாமலேயே."

*

அடுத்த நான்கு நாள் அவர் வேறு எதுவும் செய்யவில்லை. சாப்பாட்டை மனைவி மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். எடுக்கும்போது அப்படியே இருந்தது.

"என்னங்க, யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?"

"யாரும் சொல்லலை."

"பிறகு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"யாரும் சொல்லலைன்னுதான்."

அவளுக்குப் புரியவில்லை. உட்கார்ந்து விளக்க அவருக்கும் தெம்பு இல்லை.

வரி மடியவில்லை. தவறு என்று காட்டவும் முடியவில்லை. ஆந்தையிடம் தனியாகக் கொடுத்தார். தெரியவில்லை என்றது. அவருக்கும் தெரியவில்லை.

பதினோராம் தேதி ஆனது.

அன்று ஒரு யோசனை வந்தது. வந்ததும் மனம் லேசானது. யோசனை நல்லதாக இருந்தால்தான் மனம் லேசாகும் என்று இல்லை.

*

பன்னிரண்டாம் தேதி காலை பியூலா முன்னால் உட்கார்ந்தார். குரலில் ஒரு உற்சாகம்.

"கட்டிப் பாரும்மா."

காலி அறையில் கட்டினாள். இருநூற்றுப் பதினான்கு சோதனை. இருநூற்றுப் பதினான்கும் தேறின.

"எல்லாம் வந்துட்டே சார்."

"வந்துட்டு. கையெழுத்துப் போடு."

பியூலா போடவில்லை. பொதிக்குள் என்னென்ன கோப்பு இருக்கிறது என்று மேலிருந்து கீழே படித்தாள். அவள் வழக்கம் அது. படித்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இது போன தடவை இல்லையே."

"அது ஒரு அமைப்புக் கோப்பு. சின்னது."

"ஆந்தையை எழுதினவங்க கொடுத்ததா?"

"இல்லை. நான் சேர்த்தேன்."

திறந்தாள். ஒரே வரி. அந்த வரி என்ன சொல்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அதை அவர் கணினியில் பார்த்த ஞாபகம் இருந்தது.

"இந்தப் பொதியை யார் எடுத்தாலும் இதுவும் அவங்க வீட்டுக்குப் போகுமா சார்?"

"போகும்."

"அவங்க வேற ஏதாவது தேற்றம் கேட்டா?"

"அதுக்கும் ஆந்தை இதைப் படிச்சுட்டுத்தான்…"

"அவங்களுக்குத் தெரியுமா, இது உள்ள இருக்குன்னு?"

தில்லைநாயகம் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

வெளியே ஒரு உப்பு லாரி வந்து நின்றது. தார்ப்பாய் நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தது.

"அண்ணாச்சி, இறங்குங்க."

ஓட்டுநர் சுடலைமணி. தினம் நாலு நடை வருகிறவர். இறங்கவில்லை. தலையை வெளியே நீட்டினார்.

"தாயி, முட்டு ரெண்டும் விண்ணுவிண்ணுன்னு தெறிக்கி. இன்னைக்கு ஒரு நாள் விட்டுரு."

"இறங்குங்க அண்ணாச்சி."

"ஏ, நான் உப்பா? என்னைக் கொண்டுபோய் யாரும் விக்கப்போறானா?"

"காலி வண்டியா வந்தப்ப இறங்கி நின்னிய. இப்ப உள்ள இருந்தா, உங்களையும் உப்புன்னுதான் சீட்டுல போடும்."

"அறுபது கிலோதான தாயி!"

"அறுபதுதான் அண்ணாச்சி."

"யாருக்குத் தெரியப்போவுது?"

பியூலா மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பின்னால் இரண்டு லாரி ஆரன் அடித்தது.

சுடலைமணி முனகிக்கொண்டே கதவைத் திறந்தார். ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்து, அடுத்த காலை வைத்து, "யம்மா" என்று ஒரு சத்தம் போட்டு இறங்கினார். நொண்டி நொண்டி மேடையை விட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

சிவப்பு எண் ஆடியது. அறுபது குறைந்து நின்றது.

பியூலா சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் அவர் கையிலேயே கொடுத்தாள். ஏறும்போது தோளைத் தாங்கிக்கொண்டாள். திரும்பி வந்தபோது தில்லைநாயகம் மடிக்கணினியை மூடிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கோபமா சார்?"

"ஆமா."

"எம்மேலயா?"

"அந்த லாரிக்காரர் மேல. முட்டு வலியோட இறங்கிட்டாரு பாரு."

*

பஸ்ஸில் அவருக்கு இன்னும் ஒரு வழி தோன்றியது. பொதியை அப்படியே விட்டுவிடலாம். பதினைந்து தாண்டட்டும். ஆந்தை எங்கேயும் போகாது. யாரும் சரிபார்க்க மாட்டார்கள். 'முயன்றேன், சேர்த்துக்கொள்ளவில்லை' என்று பத்திரிகைக்கு எழுதலாம். தேற்றம் உண்மை என்று முப்பது பேரும் அரைகுறையாக நம்பிக்கொண்டிருப்பார்கள். பெயர் கெடாது.

போனில் அவளைக் கூப்பிட்டார்.

"பியூலா, பொதி வேண்டாம்னு விட்டுட்டா?"

"விடலாம் சார். உங்க பொதி."

"இல்லை, அந்த ஒரு சோதனையை மட்டும் எடுத்துட்டா?"

"எடுத்தாலும் கையெழுத்துப் போடுவேன் சார். ஆந்தை நல்லாத்தான் இருக்கு. எடுத்துட்டா பொதி சுத்தம்."

"அப்ப ஆந்தை உலகம் பூரா போகும். என் தேற்றத்தை யார் வேணும்னாலும் கேட்டுப் பார்ப்பான். தெரியவில்லைன்னு சொல்லும்."

"சொல்லும் சார்."

"எனக்குப் பயமா இருக்கும்மா."

அந்தப் பக்கம் ஒரு லாரி மேடையில் ஏறும் இரைச்சல் கேட்டது.

"தெரியுது சார்" என்றாள்.

*

பதினாலாம் தேதி காலை வந்தார். முகம் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். கல்யாணத்துக்கா, துஷ்டிக்கா என்று சொல்ல முடியாது.

"கட்டிப் பாரும்மா."

அமைப்புக் கோப்பு இல்லை. முதலில் அதைத்தான் பார்த்தாள்.

இருநூற்றுப் பதினான்காவது சோதனை எடுக்கப்படவில்லை. அது அங்கேயே இருந்தது. ஆனால் ஒரு சொல் மாறியிருந்தது. வரவேண்டிய விடை என்ற இடத்தில் 'ஆம்' இருந்தது அல்லவா, அங்கே 'தெரியவில்லை' என்று இருந்தது.

மேலே நாலு வரிக் குறிப்பு.

'இந்தத் தேற்றம் நிரூபிக்கப்படவில்லை. நிரூபித்துவிட்டதாக நான் பதினோரு வருடம் நம்பினேன். கீழே உள்ள ஒரு வரி மெய்யானால் இது மெய். அந்த வரியை யாராவது நிரூபித்தால் இந்தச் சோதனையைத் திருத்தவும். தில்லைநாயகம், பாளையங்கோட்டை.'

பியூலா இரண்டு தடவை படித்தாள்.

"இதுக்குமேல ஒவ்வொரு தடவை கட்டும்போதும் எல்லா ஊர்லயும் இது ஓடும் சார்."

"ஓடட்டும்."

"ஒவ்வொரு தடவையும் தெரியவில்லைன்னு வந்தாத்தான் பொதி தேறும்."

"வரட்டும்."

"உங்க பேரை எடுத்துரலாமே. குறிப்பு போதும்."

"பேர் இருக்கட்டும்மா. நான்தானே எழுதிவச்சேன், அப்புறம் நிரூபிக்கலாம்னு."

"பத்திரிகைக்கு?"

"நேத்தே எழுதிட்டேன். நிரூபணம் இல்லைன்னு. வருந்துகிறோம்னு பதில் போட்டிருக்காங்க." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கக் கொஞ்சம் நேரம் ஆனது.

காலி அறையில் கட்டினாள். ஒன்றிலிருந்து வரிசையாக ஓடியது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருநூற்றுப் பதினான்கு: தெரியவில்லை. தேறியது.

பியூலா கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே மக்ரூன்.

"எதுக்கும்மா?"

"முதல் பொதி உள்ள போனா இனிப்பு கொடுக்கிறது வழக்கம் சார்."

"அது நான்ல கொடுக்கணும்?"

"நீங்க மறந்துருவீங்கன்னு நானே வாங்கி வச்சேன்."

அவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். வெளியே அடுத்த லாரி ஏறிக்கொண்டிருந்தது. பியூலாவின் வாயில் மக்ரூன். மைக்கை அவர் பக்கம் தள்ளினாள்.

தில்லைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணாச்சி, இறங்குங்க."

*

ஏழு மாதம் ஆயிற்று.

அந்த வரி இன்னும் மடியவில்லை. காலையில் இரண்டு மணி நேரம் அதோடு உட்காருவார். பிறகு பொதிக்கு வரும் முறையீடுகளுக்குப் பதில் எழுதுவார். பெரிதாக எதுவும் வராது. எழுத்துப்பிழை இருக்கிறது என்பார்கள். பழைய கணினியில் மெதுவாக ஓடுகிறது என்பார்கள்.

ஒரு நாள் காலை, காபி ஆறிக்கொண்டிருக்கும்போது, ஒரு கடிதம் வந்தது. முன்பின் தெரியாத பெயர். எந்த நாடு என்றும் தெரியவில்லை.

'ஐயா, உங்கள் பொதியை என் கணினியில் கட்டினேன். கடைசிச் சோதனை தவறுகிறது. தெரியவில்லை என்று வரவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆந்தை ஆம் என்கிறது. மூன்று தடவை பார்த்துவிட்டேன். மூன்று தடவையும் ஆம்தான். கவனிக்கவும்.'

தில்லைநாயகம் எழுந்து நின்றுவிட்டார்.

ஆம்.

யாரோ ஒருவன், எங்கேயோ, அந்த வரியை நிரூபித்துவிட்டானா? பதினோரு வருடம். இல்லை, இப்போது பன்னிரண்டு. மனைவியைக் கூப்பிட வாயெடுத்தார். பியூலாவைக் கூப்பிடப் போனை எடுத்தார். பத்திரிகைக்கு எழுதவேண்டிய முதல் வாக்கியம்கூட மனதில் ஓடிவிட்டது. 'மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்வது.'

போனைக் கீழே வைத்தார்.

உட்கார்ந்தார். பதில் அடித்தார். ஒரே ஒரு வரி.

"காலி அறையில் கட்டிப் பாருங்கள்."